சிவாவுக்குப் பத்துப் பேர்

நான் வேலை செய்யும் யூதக் கோயிலில் இதுவரை ஒரு கெட்ட மனிதரும் இறந்ததில்லை. இதற்கு என்னிடம் ஆதாரம் இருக்கிறது. மாதாமாதம் வெளிவரும் செய்திமடலில் கடைசிப் பக்கத்துக்கு முந்திய பக்கம் அண்மையில் காலமானவர்களுக்கானது. குடும்பத்தார் எழுதி அனுப்புவதைத் தட்டச்சு செய்து, படம் ஒட்டி, அச்சுக்கு அனுப்புவது நான்தான். அந்தப் பக்கத்தில் எல்லோரும் அன்பான கணவர்கள். எல்லோரும் ரோசாச்செடி வளர்த்தவர்கள். ஒருவரும் எவரைப் பற்றியும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அலுவலகத் தொலைபேசியை எடுக்கிறவளும் நான்தான் என்பதால், அந்தக் கடுஞ்சொற்களெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தன என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் ஒரு வாசலால் போய் மறுவாசலால் முறையாக வெளியே வந்த முதல் ஆள் நான். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டத் தெரியும் முன்பே இலங்கைக் கலவரத்தில் ஓட வேண்டி வந்துவிட்டது. அப்பா பள்ளிக்கூடத்தை வெளியில் நின்று பார்த்திருக்கிறார். நான் வரலாற்றில் முதல் வகுப்புப் பட்டம் எடுத்தேன். இல்ஃபோர்டில் உள்ள சொந்தக்காரர் எல்லோருக்கும் இது தெரியும். தெரியாதவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். அந்தப் பட்டம் என்னைக் கொண்டுபோய் விட்ட இடம், செவன் கிங்ஸில் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில், ஹீட்டர் வேலை செய்யாத ஒரு அலுவலக அறை. சித்தி விசாரித்தார்.

"யூதக் கோயிலிலையோ வேலை? அங்கை ஐயர் ஆர்?"

"ஐயர் இல்லை சித்தி. ராபி எண்டு ஒருத்தர்."

"சைவமோ?"

"இல்லை. ஆனால் பண்டி சாப்பிடமாட்டினம்."

"அப்ப நல்ல ஆக்கள்தான்," என்று சித்தி தீர்ப்புச் சொன்னார்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கோயிலின் ஆட்கள் பேசியது கிழக்கு லண்டன் ஆங்கிலம். நான் எழுதுவது எங்கள் வீட்டுத் தமிழில். மொழிபெயர்க்கும் சிரமம் அதிகம் இருக்கவில்லை. அவர்கள் சண்டை பிடிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், எங்கள் முருகன் கோயில் வருடாந்தக் கூட்டம் நடப்பதாகவே தோன்றும்.

என் வேலை ஒப்பந்தத்தில் இல்லாத வேலை ஒன்று உண்டு. யூதர்களில் ஒருவர் இறந்தால், அடக்கம் செய்த பின் நெருங்கிய உறவினர் ஏழு நாள் வீட்டில் தாழ்ந்த கதிரைகளில் இருப்பார்கள். மாலையில் மற்றவர்கள் வந்து பிரார்த்தனை செய்வார்கள். அப்போது மகனோ சகோதரனோ எழுந்து நின்று இறந்தவருக்காகச் சொல்லும் மன்றாட்டுக்குக் கடிஷ் என்று பெயர். அதைச் சொல்ல, வயது வந்த பத்து யூத ஆண்கள் கூடியிருக்க வேண்டும். ஒன்பது பேர் என்றால் வாயை மூடிக்கொண்டு தேநீர் குடித்துவிட்டுப் போகலாம். முதல் வகுப்புப் பட்டதாரியான நான் இந்த எண்ணிக்கையில் சேர்த்தியில்லை. காது கேட்காமல், பிரார்த்தனை முழுவதும் நித்திரை கொள்கிறவர் சேர்த்தி. அந்தப் பத்துப் பேரையும் தொலைபேசியில் பிடித்துக் கொடுப்பதுதான் நான் சொன்ன வேலை.

அந்த ஏழு நாட்களுக்கு அவர்களுடைய மொழியில் பெயர், ஷிவா.

இரவுச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் குசினியில் நின்று நான் ஒவ்வொருவராக அழைத்து, இன்றைக்கு ஷிவா, நாளைக்கும் ஷிவா, ஷிவா எட்டு மணிக்கு என்று சொல்லிக்கொண்டிருந்ததை அம்மா சில வாரங்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு நாள் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"ஆரடி உந்தச் சிவா?"

"ஆளில்லை அம்மா."

"ஆளில்லாமலோ ஏழு நாளும் போறாய்? எந்த ஊர்? தாய் தேப்பன் இஞ்சையோ?"

"அம்மா, சிவா எண்டால் செத்தவீடு."

அம்மா நெஞ்சில் கை வைத்தார். "எப்ப செத்தவன்?"

விளங்கப்படுத்தி முடிக்கும்போது குழம்பு அடிப்பிடித்திருந்தது. அம்மாவின் முகத்தில் நிம்மதியைவிட ஏமாற்றம்தான் அதிகம் தெரிந்தது. எனக்கு இருபத்தெட்டு வயது.

நான் சேர்ந்த காலத்தில் பத்துப் பேரைப் பிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. பிள்ளைகளெல்லாம் வடக்கு லண்டனுக்கோ எசெக்ஸுக்கோ போய்விட்டாலும், பெரியவர்கள் இருந்தார்கள். பிறகு அவர்கள் ஒவ்வொருவராகச் செய்திமடலில் என் பக்கத்துக்கு வரத் தொடங்கினார்கள். கறுப்பு டாக்ஸி ஓட்டியவர் முதலில் போனார். "அமைதியானவர், பொறுமைசாலி" என்று மகள் எழுதியிருந்தார். என்னை ஒருமுறை வீட்டில் இறக்கிவிட்டபோது அந்தப் பொறுமைசாலி ரொம்ஃபோர்ட் ரோட்டில் இருந்த அத்தனை சைக்கிள்காரர்களின் பிறப்பையும் சந்தேகித்தார். ஆனால் தொலைபேசியில் ஷிவா என்று சொன்னால் விலாசத்தை மட்டும் கேட்பார். ஏன், யார் என்று கேட்கமாட்டார். காரில் இன்னும் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். அவர் இறந்ததில் நான் இழந்தது ஒருவரை அல்ல, நான்கு பேரை.

அடுத்து, கோயில் குசினியை ஆண்ட அம்மையார். பெண் என்பதால் அவரும் என்னைப் போலப் பத்தில் சேர்த்தியில்லை. அவரை "எல்லோருக்கும் தாய் போன்றவர்" என்று அச்சடித்தேன். பாலுக்கு ஒரு கரண்டி, இறைச்சிக்கு ஒரு கரண்டி என்று அங்கே சட்டம். நான் ஒன்றை மாற்றி வைத்துவிட்டதால், எல்லோருக்கும் தாய் போன்றவர் என்னோடு அடுத்த பஸ்காப் பண்டிகை வரை பேசவில்லை. பெற்ற தாய்கூட என்னோடு அவ்வளவு காலம் பேசாமல் இருந்ததில்லை.

இப்படியே போய், கடைசியாகத் திரைச்சீலைக் கடைக்காரர் இறந்தார்.

இவர் ஒரு காலத்தில் ஹை ரோட்டில் கடை வைத்திருந்தவர். கோயிலில் இவரோடு பேசுகிறவர் ஒருவரும் இல்லை. காரணம் ஒரு ஜன்னல். தெருப்பக்கத்து ஜன்னல் பூட்டியிருக்க வேண்டும் என்பது இவர் கட்சி. திறந்திருக்க வேண்டும் என்பது ஓய்வுபெற்ற பல் டாக்டரின் கட்சி. இது எத்தனை வருடச் சண்டை என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். கமிட்டி பாதி திறந்து வைக்கலாம் என்று முடிவெடுத்ததில், அதுவரை பல் டாக்டரை மட்டும் வெறுத்தவர் கமிட்டி முழுவதையும் வெறுக்க வேண்டியதாயிற்று. நான் இதைப் பார்த்துச் சிரிக்க முடியாது. முருகன் கோயிலில் முதல் மரியாதையாகக் கொடுக்கும் காளாஞ்சியைத் தனக்குத் தராமல் தமையனுக்குக் கொடுத்ததற்காக, அப்பா அந்தத் தமையனோடு, கோலியர்ஸ் வுட்டில் இருக்கும் என் பெரியப்பாவோடு, நான் பள்ளியில் மேல்வகுப்புப் படித்த நாளிலிருந்து கதைப்பதில்லை. ஒரு வெற்றிலை, ஒரு பாக்கு, அரைத் தேங்காய். லண்டனின் இரண்டு மூலைகளில் இரண்டு பேர்.

திரைச்சீலைக்காரர் வாரம் ஒருமுறை என் அலுவலகத்துக்கு வந்து, கதிரையில் இருந்து, ஒவ்வொரு ஆளாகப் பெயர் சொல்லி ஒரே வசனத்தைச் சொல்வார்.

"நான் செத்தால் அவன் வரமாட்டான், பிள்ளை."

"வருவார்."

"வரான். அந்தக் கணக்காளன்? வரான். பல்லுப் பிடுங்கி? சிவப்புக் கம்பளம் விரிச்சாலும் வரான்."

ஆனால் அவர் மட்டும் எல்லோருடைய ஷிவாவுக்கும் போனார். டாக்ஸிக்காரரின் ஷிவாவில், "இவன் ஒரு நாளும் சரியான மிச்சக் காசு தந்ததில்லை" என்று விதவைக்குக் கேட்கச் சொல்லிவிட்டு, ஆமென் என்பதை மற்ற எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னவர் அவர்தான்.

அடக்கம் முடிந்த அன்று மத்தியானம் அவருடைய மனைவி அழைத்தார். குரல் நடுங்கவில்லை. அந்த வீட்டில் அவ்வளவு காலம் குடித்தனம் நடத்திய குரல் எதற்கும் நடுங்காது.

"மகன் மான்செஸ்டரிலை இருந்து வந்து நிக்கிறான். தேப்பனுக்குக் கடிஷ் சொல்ல. இண்டைக்கு ஒரு நாள் எண்டாலும் பத்துப் பேர் வேணும்."

"பாக்கிறன், அன்டி."

"அவர் உன்னட்டை என்ன சொல்லிக்கொண்டிருந்தவர் எண்டு எனக்குத் தெரியும். என்னட்டையும் அதைத்தான் சொன்னவர். கடைசி நாளும் சொன்னவர்." குரலைத் தாழ்த்தினார். "அவர் சொன்னது சரியெண்டு நான் அந்தப் பிள்ளைக்குக் காட்டேலாது."

மகன் ஒருவர். இன்னும் ஒன்பது பேர் வேண்டும். நான் குசினியில் நின்று தொடங்கினேன். கணக்காளருக்கு முழங்கால். அவருடைய மைத்துனருக்குக் காதுக் கருவியில் பற்றரி இல்லை. இன்னொருவருக்கு உதைபந்தாட்டம், அதை அவர் மறைக்கக்கூட இல்லை. பல் டாக்டர் சொன்னார்: "அங்கை ஜன்னல் பூட்டியிருக்கும். எனக்கு மூச்செடுக்கேலாது."

அம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு அரிசி களைந்தார். "செத்தவீட்டிலை அடுப்பு மூட்டமாட்டினம்தானே? நான் ஒரு சோறும் பருப்பும் வைக்கிறன். கொண்டுபோய்க் குடு."

"அவை எங்கடை சட்டியிலை சமைச்சது சாப்பிடமாட்டினம் அம்மா."

அம்மாவின் கை நின்றது. "ஊரிலையும் எங்கடை வீட்டிலை தண்ணி குடியாத ஆக்கள் இருந்தவை," என்றார்.

அது அந்த விஷயம் இல்லை, அவர்களுக்குச் சொந்தச் சட்டிகளிலேயே இரண்டு சாதி என்று கரண்டிக் கதையைச் சொன்னேன். அம்மா யோசித்தார். "பழம் சாப்பிடுவினமோ?" வெட்டாத பழம் சாப்பிடுவார்கள். இல்ஃபோர்ட் லேனில் முதல் நாள் வாங்கிய மாம்பழப் பெட்டி மேசையில் இருந்தது. ஒன்றைக்கூட எடுக்காமல் அப்படியே கட்டித் தந்தார்.

சாப்பிடமாட்டார்கள் என்று நான் சொன்னதாலேயே ஒரு பெட்டி நிறையப் போகிறது என்று அந்தக் கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு ஒரு வழி பட்டது. முதல் வகுப்புப் பட்டம் வீண்போகவில்லை. கணக்காளரைத் திரும்ப அழைத்தேன்.

"நீங்கள் வரமாட்டீங்கள் எண்டு அவர் முதலே சொன்னவர்."

"ஆர்?"

"செத்தவர். பெயர் சொல்லிச் சொன்னவர்."

"அப்பிடியோ சொன்னவன்? எத்தினை மணிக்கு?"

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஒவ்வொருவரையும் பற்றி அவர் சொன்னதை, அவர் சொன்ன சொற்களிலேயே சொன்னேன். காதுக் கருவிக்காரருக்குப் பற்றரி இல்லாமலே கேட்டது. உதைபந்தாட்டக்காரர், "அவன் தன்னை ஆரெண்டு நினைச்சவன்?" என்று கேட்டுவிட்டுத் தம்பியையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார். பல் டாக்டர் மட்டும் சிவப்புக் கம்பளத்தைக் கேட்டதும் தொலைபேசியை வைத்துவிட்டார்.

கான்ட்ஸ் ஹில்லில் அந்த வீட்டு முன்னறையில், துக்கவீட்டுக்கு அவர்கள் வழக்கப்படி, முகம் பார்க்கும் கண்ணாடிகள் துணியால் மூடப்பட்டிருந்தன. மூடிய துணி நல்ல தரமான திரைச்சீலை. சொந்தக் கடைச் சரக்கு. மகன் தாழ்ந்த கதிரையில் முழங்கால் நாடியில் முட்ட இருந்தார். ஆட்கள் ஒவ்வொருவராக, நீதிமன்றத்துக்கு வருகிற முகத்தோடு வந்தார்கள். நான் வாசற்படியில் நின்று விரலை நீட்டி எண்ணத் தொடங்கினேன். விதவை வந்து என் விரலைப் பிடித்து மடக்கினார்.

"ஆக்களை எண்ணக்கூடாது. கண்ணூறு. இப்பிடிச் சொல்லு: ஒண்டில்லை, ரெண்டில்லை, மூண்டில்லை."

எத்தனை பிள்ளைகள் என்று யார் கேட்டாலும், "கடவுள் தந்தது கிடக்கு" என்று மட்டும் பதில் சொல்லும் பெண்ணிடம் வளர்ந்தவள் நான். பட்டம் எடுத்ததில் இதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. சேர்ந்து எண்ணினோம். ஏழில்லை. எட்டில்லை. ஒன்பதில்லை.

அதோடு நின்றுவிட்டது. ராபி கடிகாரத்தைப் பார்த்தார். கணக்காளர் தன் முழங்காலைப் பார்த்தார். மகன் வாசலைப் பார்க்கவில்லை; தாயைப் பார்த்தார். விதவை யாரையும் பார்க்காமல், மாம்பழங்களை ஒரு தட்டில் அடுக்கி, கலைத்து, திரும்ப அடுக்கினார்.

வாசல் மணி அடிக்கவில்லை. செத்தவீட்டில் கதவு திறந்தே கிடந்ததால் பல் டாக்டர் நேரே உள்ளே வந்தார். மேல்கோட்டைக் கழற்றாமல் அறையைக் கடந்து ஜன்னலடிக்குப் போனார். இத்தனை பேருக்கு வெக்கையாக இருக்கும் என்று யாரோ அதைத் திறந்து வைத்திருந்தார்கள். அதை இழுத்துப் பூட்டினார். கொழுக்கியையும் போட்டார்.

"அவனுக்குக் குளிர் ஒத்துவராது," என்று ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

பத்தில்லை.

மகன் எழுந்து கடிஷ் சொன்னார். ஆமென் என்பதை இம்முறை மற்ற எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னவர் பல் டாக்டர். அது முடிந்த உடனே அறை வெக்கை என்று முறையிடத் தொடங்கியவரும் அவரே.

போகும்போது ஒவ்வொருவரும் விதவையிடம், உங்களுக்கு நீண்ட ஆயுள் வாழ்த்துகிறேன் என்றார்கள். செத்தவீட்டில் சொல்வதற்கு அவர்களிடம் உள்ள வசனம் அது. எங்கள் வழக்கப்படி செத்தவீட்டில் போயிட்டு வாறன் என்று சொல்லக்கூடாது என்பதால் நான் சொல்லாமலே நழுவப் பார்த்தேன். விதவை விடவில்லை.

"செய்திமடலுக்கு என்ன போடப்போறாய்?"

"அன்பான கணவர்..."

"விசரே? அவரைத் தெரிஞ்ச ஆக்கள் வாசிப்பினம்." யோசித்தார். "ஒருத்தரும் வரமாட்டினம் எண்டு சொன்னவர், அது பிழைச்சுப்போச்சு எண்டு போடு. அவருக்குப் பிழைச்சது அது ஒண்டுதான் எண்டும் போடு. இல்லாட்டில் என்னோடை சண்டைக்கு வருவார்."

அப்படியே போட்டேன். அந்தப் பக்கத்தில் ரோசாச்செடி இல்லாமல் வந்த முதல் மனிதர் அவர்.

வீட்டு வாசலில் அம்மா என்னை மறித்தார். செத்தவீட்டால் வந்தவள் முழுகாமல் எதையும் தொடக்கூடாது. "சிவா என்ன மாதிரி?" என்று மட்டும் கேட்டார். வந்தவர்கள் எல்லோரையும், ஜன்னலையும், மாம்பழத்தை அந்த மனிதர்கள் தோலோடு கடித்ததையும் அங்கேயே நின்று சொன்னேன். உள்ளே சோஃபாவில் அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தது கேட்டது.

"பகைச்ச ஆக்களுமோ வந்தவை?" என்றார்.

"ஓம் அப்பா. எல்லாரும்."

"அது அவையடை சனம். எங்கடையள் வராதுகள்." தொலைக்காட்சிச் சத்தம் திரும்பவும் கூடியது. அதற்கு மேலால் அவர் குரல் வந்தது. "நான் செத்தால் அண்ணன்காரன் வந்து எட்டியும் பாரான்."

அண்ணன்காரன் என்றது பெரியப்பாவை. அம்மா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"கேட்டனியோ?" என்றார் அம்மா மெதுவாக. "சொல்லுக்குச் சொல் அப்பிடியே ஞாபகம் வைச்சிரு."

வைத்திருக்கிறேன். கோலியர்ஸ் வுட் நம்பரும் என்னிடம் இருக்கிறது.