இடது பக்கம் இரண்டு அடி

என் பெரியம்மா சர்வதேச அழகிப் போட்டி ஒன்றில் இரண்டாவதாக வந்தவள். இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், நம்பமாட்டார்கள். அவளை நேரில் பார்த்தால் இன்னும் நம்பமாட்டார்கள். ஐம்பத்தைந்து வயது. கான்வாஸ் ஷூ. வெயிலில் ஒரு கை மட்டும் கறுத்திருக்கும், கார் ஜன்னலில் வைக்கிற கை. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறாள். ஒரே ஒரு கார். அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச்.

புதிதாகச் சேருகிற பெண்கள் முதல் நாள் கண்ணாடியைத் திருப்பி நெற்றியைச் சரிசெய்வார்கள். "பின்னாடி வர்ற லாரியப் பாரும்மா. உன் அழக நான் பாத்துக்கறேன், எனக்கு அதுல அனுபவம் இருக்கு" என்பாள். அனுபவம் என்ன என்று யாரும் கேட்டதில்லை. தெருவில் பழைய ஆட்களுக்கு மட்டும் தெரியும். அவர்கள் அவளுக்கு வைத்த பெயர் 'ரன்னர்', ரன்னர்-அப்பின் சுருக்கம். கடைசிப் பந்தியில் சாப்பாடு தீர்ந்துபோனால்கூட, "ரன்னர் வர்றதுக்குள்ள தீந்துபோச்சே" என்று யாராவது சொல்லுவார்கள். அவளும் சிரித்து வைப்பாள்.

பெரியப்பா பல் செட் செய்பவர். வீட்டு முன்னறைதான் அவருடைய பட்டறை. சுவர் முழுக்க பிளாஸ்டர் பற்கள், வரிசை வரிசையாக, எதற்கோ காத்திருக்கிற கூட்டம் மாதிரி. "ஊரே இவ சிரிப்பப் பாத்து மயங்குச்சு. நான் மட்டும்தான் மேல் வரிசையில மூணாவது பல்லு லேசா திரும்பியிருக்கறதப் பாத்தேன். அதுக்காகத்தான் கட்டிக்கிட்டேன்" என்று விருந்தாளிகளிடம் சொல்லுவார். மைக்கைத் தவிர வேறெதற்கும் என் பெரியம்மா பயந்து நான் பார்த்ததில்லை. பயிற்சிப் பள்ளிகள் சங்கத்தில் அவளைத் தலைவியாக்கக் கூப்பிட்டபோது, தலைவி என்றால் வரவேற்புரை உண்டு என்று தெரிந்ததும் பொருளாளர் பதவி போதும் என்று ஓடிவந்துவிட்டாள்.

காரணம் ஒரு கேள்வி. அதைச் சொல்லிவிடுகிறேன்.

முப்பத்து நான்கு வருடங்களுக்கு முன்னால், அறுபது நாட்டுப் பெண்களில் வடிகட்டி வடிகட்டிக் கடைசி ஐந்து பேர் மேடையில் நின்றார்கள். அதுவரை மதிப்பெண்ணில் முன்னால் நின்றது என் பெரியம்மா. மீதியிருந்தது கேள்விச் சுற்று ஒன்றுதான். அவளுக்கு அப்போது ஆங்கிலம் 'யெஸ், நோ, தேங்க் யூ'. பக்கத்தில் கோட் போட்ட மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நின்றார். கேள்வி கேட்கப்பட்டது. அவள் நம் மொழியில் பதில் சொன்னாள். அவர் ஆங்கிலத்தில் சொன்னார். அரங்கம் மரியாதைக்குக் கை தட்டியது. கிரீடம் வேறொரு பெண்ணுக்குப் போனது. திரும்பி வரும் விமானத்தில் குழுவின் மேலாளர் அவளிடம் பேசியது ஒரே ஒரு வாக்கியம்: "உன் பதில்தான் கவுத்துடுச்சு." பத்திரிகைகளும் 'கேள்வியில் கோட்டை விட்டார்' என்றே எழுதின.

அப்படி என்னதான் சொன்னாள் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கேட்டால் "என்னமோ உளறினேன், விடு" என்பாள். போட்டிக்காரர்கள் ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு வீடியோ கேசட் கொடுத்தனுப்பியிருந்தார்கள். கல்யாணமான புதிதில் பெரியப்பா ஆசையாகப் போட்டுப் பார்த்திருக்கிறார். அது அந்த நாட்டு டிவிக்கான கேசட். நம் மெஷினில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள்தான் ஓடின. "வரிக்குதிரையத்தான் கட்டிக்கிட்டேன் போல" என்றாராம். அத்தோடு அது பரணுக்குப் போய்விட்டது.

இந்த வருடம் அந்தப் போட்டிக்கு வயது எழுபது. ஓட்டுநர் பள்ளியின் மின்னஞ்சலில், உரிமம் புதுப்பிக்கும் கடிதங்களுக்கு நடுவே ஓர் அழைப்பு வந்தது. எல்லாப் பத்தாண்டுகளிலிருந்தும் இரண்டாவது, மூன்றாவது வந்தவர்களை மட்டும் ஓரிடத்தில் கூட்டப்போகிறார்கள். ஜெயித்தவர்களுக்கு அழைப்பில்லை என்று கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எல்லோருக்கும் விமானக் கட்டணம் தோதாக இருக்கிறது என்று எங்கள் ஊரையே தேர்ந்தெடுத்திருந்தார்கள். எனக்குப் படிக்கப் படிக்கக் காது சூடாகிவிட்டது. கடைசிப் பத்தியில்தான் வினை. அவரவருடைய அந்தக் காலத்துக் கேள்வி மேடையில் மறுபடி கேட்கப்படும், பழைய காட்சியை முன்கூட்டி அனுப்பவும் என்று இருந்தது.

பெரியம்மா மடிக்கணினியை மூடினாள். விழா நடக்கும் சனிக்கிழமை இரண்டு பேருக்கு டெஸ்ட் இருக்கிறது, அவளால் முடியாது என்றாள். டெஸ்ட்டே இல்லாத சனிக்கிழமை அது என்று சுவர் நாட்காட்டியிலேயே தெரிந்தது.

பெரியப்பா என்னைப் பட்டறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கேசட்டை மாற்றித் தருகிற கடை ஏதாவது இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. கல்யாண வீடியோக்களை மாற்றிக்கொடுக்கும் ஒருவர் ஒரு வாரம் வைத்திருந்து, பூஞ்சை துடைத்து, ஒரு சின்னப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். "உள்ள இருக்கறது யாரு தம்பி? நல்லாருக்காங்க" என்றார். பெரியம்மா என்றேன். மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் போட்டோம். பெரியம்மா உள்ளே வரவில்லை. கதவு நிலையில் சாய்ந்து, மடித்த துணிகளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

வந்தாள் அவள். இருபத்தொரு வயது. வெள்ளை உடுப்பு. தண்ணீர் ஊற்றும் முன் கண்ணாடிக் குவளை எப்படி இருக்குமோ அப்படி. நெறியாளர் கேட்டார்: நாளை காலை உலகத்தில் ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்?

திரைக்குள்ளிருந்து என் பெரியம்மாவின் குரல், இன்றைக்கு மாணவிகளை அதட்டுகிற அதே குரல், சொன்னது:

"உலகத்த மாத்துறது இருக்கட்டும். முதல்ல எங்க அஞ்சு பேருக்கும் நாற்காலி போடுங்க. ரெண்டு மணி நேரமா இந்தச் செருப்புல நிக்கிறோம். உக்காந்து யோசிச்சா நல்ல பதிலாச் சொல்லுவோம்."

பெரியப்பா குபீரென்று சிரித்துவிட்டார். கோட் போட்டவர் ஒரு கணம் கூடத் தயங்கவில்லை. பளிச்சென்ற ஆங்கிலத்தில், உலக நாடுகள் அனைத்தும் சமாதானமாக வாழ வேண்டும் என்றும், எந்தக் குழந்தையும் பாலில்லாமல் தூங்கக் கூடாது என்றும் இவர் விரும்புகிறார் என்று அறிவித்தார். இவளுக்கு முன்னால் நின்ற மூன்று பெண்களும் சமாதானம்தான் கேட்டிருந்தார்கள். அன்றைக்கு அது நான்காவது சமாதானம். நடுவர்களில் ஒருவர் கொட்டாவியை அடக்கியது திரையிலேயே தெரிந்தது.

துணிகள் தரையில் கிடந்தன. பெரியம்மா டிவிக்கு முன்னால் வந்து நின்றிருந்தாள். "பின்னாடி போடு" என்றாள். போட்டேன். "மறுபடி." மூன்றாம் முறை முடிந்ததும் என்னைப் பார்த்தாள்.

"பால்னு நான் எங்கடா சொன்னேன்?"

"சொல்லல, பெரியம்மா."

"குழந்தைன்னு?"

"அதுவும் இல்ல."

அந்தக் கோட் போட்டவர் நல்லது செய்வதாக நினைத்திருப்பார். பச்சைப் பிள்ளை ஏதோ உளறுகிறது, காப்பாற்றுவோம் என்று அழகுபடுத்தியிருப்பார். அதைச் சொன்னேன். பெரியம்மா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். முப்பத்து நான்கு வருடமாக, தான் செருப்பையும் நாற்காலியையும் பேசி நாட்டுக்கு வரவேண்டிய கிரீடத்தையே தொலைத்ததாக நம்பிக்கொண்டிருந்தவள். "அங்க யாருமே சிரிக்கல. அதனால முட்டாள்தனமாப் பேசிட்டேன்னு நெனச்சேன்" என்றாள். பெரியப்பா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே, இதைவிட நல்ல பதில் எவளும் சொல்லியிருக்க முடியாது என்றார்.

"நீங்க வீட்டுக்காரர், சிரிப்பீங்க. அந்த மாதிரி ஒரு ஹால் சிரிக்குமா, சிரிக்காதா? எனக்கு அது தெரியணும்."

அன்று மாலையே, வருகிறேன் என்று பதில் எழுதச் சொன்னாள்.

அந்தச் சனிக்கிழமைக் காலை ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் நான் பார்த்ததை எழுதினால் மிகை என்பார்கள். பதினெட்டுப் பெண்கள். மூத்தவருக்கு எண்பத்தொன்று, கையில் ஊன்றுகோல், உதட்டில் ரத்தச் சிவப்புச் சாயம். எழுபதுகளில் மூன்றாவது வந்தவர் இப்போது தேனீ வளர்க்கிறார். விரல்களைக் காட்டிக் காட்டி எந்தத் தழும்பு எந்தக் கொடுக்கு என்று விளக்கினார். ஒருவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். ஒருவர் நீதிபதி. இன்னொருவர் தன்னைத் தோற்கடித்தவளின் அண்ணனையே கல்யாணம் செய்துகொண்டவர். கிரீடம் போனாலும் மாப்பிள்ளை கிடைத்தான் என்றார். ஒருத்தியின் வருகையால் சச்சரவே வந்துவிட்டது. அவள் இரண்டாவதாக வந்தவள்தான். ஆனால் ஜெயித்தவள் நான்கு மாதத்தில் பட்டத்தைத் துறந்துவிட, கிரீடம் இவளுக்கு வந்துவிட்டது. அப்படியானால் இவள் ஜெயித்தவளா தோற்றவளா? ரொட்டி ஆறிப்போகும் வரை வாதாடினார்கள். மேடையில் அவளுக்குக் கிரீடம் சூட்டவில்லை, தபாலில்தான் வந்தது என்று தெரிந்ததும் நீதிபதி தீர்ப்பளித்தார்: தபால் செல்லாது, இவள் நம்மவள். கூடமே கை தட்டியது.

பெரியம்மாவின் ஆங்கிலம் மாணவர்களிடம் பழகிக் கற்றது. கியர் சத்தத்தோடு வரும். பத்து நிமிடத்தில் எண்பத்தொரு வயதுக்காரரும் அவளும் தோளைத் தட்டிக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டார்கள். கடைசி இரண்டு பேராகக் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது யாருடைய கை அதிகம் வேர்க்கும் என்பது பேச்சு. ஜெயிக்கப்போகிறவளுடையதுதான் என்றார் மூத்தவர். எல்லோரும் ஆமாம் என்றார்கள்.

பிறகு புகைப்படம். ஓட்டல் படிக்கட்டில் எல்லோரையும் வரிசையாக நிறுத்திவிட்டு, புகைப்படக்காரர் சொன்னார்: "சிரிங்க. பக்கத்துல இருக்கறவங்களக் கட்டிப்பிடிங்க."

அவ்வளவுதான். பதினெட்டுப் பேரும் சிரித்தார்கள், கட்டிப்பிடித்தார்கள், பிறகு ஒரே சமயத்தில் இடது பக்கம் இரண்டு அடி நகர்ந்தார்கள். கடைசியில் நின்ற தேனீக்காரர் பூந்தொட்டிக்குள்ளேயே போய்விட்டார். கேமராவில் ஒரு ஓரம் வெறும் படிக்கட்டு.

ஒத்திகையில் எல்லா வருடமும் எல்லாப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது: பெயர் அறிவித்ததும் சிரி, ஜெயித்தவளைக் கட்டிப்பிடி, இடது பக்கம் இரண்டு அடி தள்ளு, கிரீடத்தின் கேமரா வலது பக்கத்திலிருந்து வரும். ஜெயித்தவளுக்கு அது ஒத்திகையோடு முடிந்துபோகும். செய்து முடித்தவர்கள் இவர்கள்தான். எழுபது வருடத்துக் கால்கள் ஒரே மாதிரி நகர்ந்ததைப் பார்த்து அவர்களுக்கே சிரிப்புத் தாங்கவில்லை. மறுபடி நிறுத்தினார்கள், மறுபடி நகர்ந்தார்கள். கடைசியில் நீதிபதி ஒவ்வொருவர் காலையும் பக்கத்துக் காலால் மிதித்துக்கொள்ளச் சொல்லித்தான் படம் எடுக்க முடிந்தது.

மதியம் மேடை. அரங்கத்தில் நானூறு பேர் இருப்பார்கள். ஆறாவது ஆளாகப் பெரியம்மாவின் முறை. மேடையோரத்தில் அவளுக்கான மொழிபெயர்ப்பாளர் காத்திருந்தாள், கல்லூரி முடித்த வயதுப் பெண். ஆங்கிலத்திலேயே பேசிவிடுங்களேன் அம்மா என்றாள். பெரியம்மா மாட்டேன் என்றாள். அன்று எந்த மொழியில் சொன்னாளோ அதில்தான் சொல்லவேண்டும். இல்லையென்றால் கணக்குச் சரியாகாது. பிறகு அந்தப் பெண்ணின் முழங்கையைப் பிடித்துச் சொன்னாள்:

"நான் சொல்றத அப்படியே சொல்லணும்மா. அசிங்கமா இருந்தா அசிங்கமாவே சொல்லு. அழகு மட்டும் பண்ணிடாதே."

கூப்பிட்டார்கள். நடந்து போனாள். நாங்கள் முன்வரிசையில் இருந்தோம். பெரியப்பா தன் கீழ்த்தாடையையே பிடித்துக்கொண்டிருந்தார். நெறியாளர் கேள்வியைக் கேட்டார்: நாளை காலை உலகத்தில் ஒன்றை மாற்றலாம் என்றால்.

மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "முப்பத்து நாலு வருஷத்துக்கு முன்னாடி இதுக்கு ஒரு பதில் சொன்னேன். அது இன்னும் உங்ககிட்ட வந்து சேரல" என்றாள். பிறகு ஒரு சொல் மாறாமல், உலகம், ஐந்து நாற்காலி, இரண்டு மணி நேரம், செருப்பு எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

பின்வரிசையில் நம் மொழி தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர் சிரித்தார்கள். தட்டோடு நின்ற ஓட்டல் பணியாளர் ஒருவர் தட்டைக் கீழே வைத்துவிட்டார். பெரியம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது மற்றவர்களை. மொழிபெயர்ப்பாளப் பெண் வாயைத் திறந்தாள்; அவளுக்கே சிரிப்பு வந்து பாதியில் நின்றது. மன்னிப்புக் கேட்டாள். முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஒவ்வொரு வாக்கியமாக, சுத்தமாக, ஒரு சமாதானமும் ஒரு சொட்டுப் பாலும் கலக்காமல் சொல்லி முடித்தாள்.

ஒன்று. இரண்டு. அமைதி.

மேடையில் அமர்ந்திருந்த எண்பத்தொரு வயதுக்காரர் ஊன்றுகோலைத் தரையில் ஓங்கித் தட்டினார். அதற்குள் அரங்கம் வெடித்துவிட்டது. நீதிபதி முகத்தைக் கைக்குட்டைக்குள் புதைத்துக்கொண்டார். கிரேன்காரர் தன் செருப்பைக் கழற்றித் தலைக்கு மேலே ஆட்டினார். வரிசை வரிசையாகப் பற்கள் தெரிந்தன. என் பெரியப்பா தொழில்காரர் என்பதால் அவருக்கு அழுகை வந்தது.

பெரியம்மா சிரிக்கவில்லை. வாயை லேசாகத் திறந்துகொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாள். ஓய்ந்ததும் நெறியாளர் நன்றி சொல்லி மைக்குக்காகக் கையை நீட்டினார்.

"இருங்க" என்றாள் பெரியம்மா, "இன்னும் இருக்கு." மொழிபெயர்ப்பாளப் பெண்ணைப் பக்கத்தில் வரச்சொல்லித் தலையசைத்துவிட்டு, ஒத்திகையில் கால் வலித்த கதையைத் தொடங்கினாள்.