இழுபட்ட கெட்டிமேளம்

எங்கள் வீடியோ கடைக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில், ஸ்லோமோஷன் போட என் வீட்டுக்காரரிடம் கற்றுக்கொண்டேன். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்களே என்ற கூச்சத்தில், சத்தத்தை அடைத்துவிட்டுத்தான் வேலை செய்வேன். ஒரு கல்யாண வீடியோவில் தாலி கட்டும் இடத்தை நானே மெதுவாக்கி, சுற்றிலும் ரோஜாப் பூக்களைப் பறக்கவிட்டேன்.

பெண்ணின் அம்மா பார்க்க வந்தபோது ஆசையாகச் சத்தத்தைத் திறந்துவிட்டேன். படத்தோடு சேர்ந்து கெட்டிமேளமும் மெதுவாகி, ஒப்பாரி போல இழுத்தது.

அந்தம்மா காதைப் பொத்திக்கொண்டது. “ஏ ஆத்தா! தாலி ஏறுற நேரத்துல இழவு வீட்டுச் சத்தம்ல கேக்குது!”

“சத்தத்தைத் தனியாப் பிரிக்கணும்னு அம்புட்டுத் தடவ சொன்னேன்ல?” என்றார் வீட்டுக்காரர்.

“எந்த வித்தையும் வேணாம்ணே, எடுத்தபடியே குடுங்க. சம்பந்தி வீட்டுல பாக்கணும்ல.”

நான் உள்ளே போய்விட்டேன். அந்தம்மா கிளம்பும்போது, “வாரேன் தாயி” என்று குரல் கொடுத்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்றபடியே தலையை ஆட்டினேன்.