இரண்டு மாத மாத்திரை

மாத்திரை அட்டையைப் பிரிப்பதில் எங்கள் ஈப்போ அடுக்குமாடி வீட்டில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மாவுக்கு முடக்குவாதம். விரல் மூட்டுகள் வீங்கி, என் பள்ளிச் சட்டைக்குப் பொத்தான்கூடப் போட்டுவிட முடியாது. அதனால் மாத்திரையை அமுக்கி எடுத்துக் கொடுப்பது என் வேலை. அதில் எனக்குக் கொள்ளைப் பெருமை.

அந்த வருடம் அம்மா தைப்பூசத்துக்குப் பால்குடம் நேர்ந்திருந்தாள். குடத்தைப் பிடிக்கக் கை ஒத்துழைக்குமா என்ற கவலை அவளை அரித்துக்கொண்டிருந்தது. பெரியாஸ்பத்திரியில் புது மாத்திரை கொடுத்தார்கள். வாரத்தில் வெள்ளிக்கிழமை மட்டும் நான்கு. மற்ற நாளில் தொடவே கூடாது. திரும்பத் திரும்ப அதைச் சொல்லித்தான் இரண்டு மாதத்துக்கு உரியதைக் கொடுத்தனுப்பினார்கள்.

விரதத்துக்குத் துணையாகச் சித்தியவானிலிருந்து வந்த பெரியம்மாவுக்கு இது சரியாகப் படவில்லை. ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர். விரதமோ மருந்தோ, ஒரு மண்டலம் நாள் தவறாமல் இருந்தால்தான் பலன் என்பது அவர் கணக்கு.

“வாரத்துக்கு ஒருக்கா தின்னா கை எப்படிலா நிமிரும்? நடுவுல விட்டா மருந்து பலிக்காது,” என்றார்.

“டாக்டர் கூடாதுன்னு சொன்னாரேக்கா,” என்று அம்மா இழுத்தாள்.

“அவங்களுக்கு விரதத்தப் பத்தி என்னா தெரியும்?”

மறுநாள் முதல் தினமும் பூசை முடிந்ததும் நான்கு மாத்திரை. திருநீறு பூசிக்கொண்டு, நான்தான் பயபக்தியோடு அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

ஆறாம் நாள் அம்மா சோற்றைத் தள்ளி வைத்தாள். பேச்சும் குறைந்தது. என்ன கடுமையான விரதம் என்று பக்கத்து வீட்டு அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். முகச் சிவப்பை அருள் என்றார் பெரியம்மா. அது காய்ச்சல். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒன்பதாம் நாள் காலை, மாத்திரை தீர்ந்துவிட்டதைச் சொல்லப் போனேன். பதில் சொல்ல அம்மா வாயைத் திறந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாக்கும் உதடும் தோலுரிந்து கிடந்தன. பல்லிடுக்கில் இரத்தம். கையெல்லாம் ஊதாத் திட்டுகள். நான் போட்ட அலறலில் மேல்மாடிக்காரர்கள் இறங்கி ஓடிவந்தார்கள்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் காலி அட்டைகளை வாங்கிப் பார்த்தார். பிறகு, உடம்பில் இரத்தம் ஊறுவதே நின்றுபோயிருக்கிறது, பிழைப்பாரா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். பெரியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா பிழைத்து வீடு திரும்ப மூன்று வாரம் ஆனது. தைப்பூசம் அதற்குள் முடிந்துவிட்டது.

சேர்த்த அன்று வார்டில் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், குறிப்பெழுதிக்கொண்டே கேட்டார்: “தினமும் யாரும்மா மாத்திரைய எடுத்துக் கொடுத்தது?”

நான் ஓரடி முன்னால் வந்து நின்றேன். அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் புண் வாயால் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

“யாரும் இல்ல மிஸ்ஸி. நானேதான் பிரிச்சுச் சாப்ட்டேன்.”

அப்பட்டமான பொய். எட்டு நாளும் நான் பார்த்த வேலை. எனக்கு வந்த ஆத்திரத்தில் கட்டிலுக்கு முதுகைக் காட்டி நின்றேன். வெளியூர் வேலையிலிருந்து அப்பா வந்து அழைத்துப் போகும்வரை அவள் பக்கம் திரும்பவேயில்லை.