மத்தேயு வைத்த கதவு

புளியந்தீவில் மத்தேயுவின் வீட்டுக் கூரை வளையிலிருந்து பத்துப் பன்னிரண்டு விமானங்கள் நூலில் தொங்கின. அவற்றில் ஒன்றுகூட உலகத்தில் எங்கும் பறந்தது கிடையாது.

மத்தேயு நகரத்துத் தியேட்டர் ஒன்றில் படம் ஓட்டும் ஒப்பரேற்றர். அறுந்த பிலிமை ஒட்டும் பசை பிளாஸ்ரிக்கையும் ஒட்டும் என்று கண்டுகொண்ட நாளிலிருந்து அவருக்கு இந்தப் பைத்தியம். கொழும்பிலிருந்து வரும் பெட்டியில் மாதிரி விமானத்தின் பிளாஸ்ரிக் துண்டுகளும், அவற்றைப் பொருத்தும் முறையைக் காட்டும் படமும் இருக்கும். மத்தேயு படத்தை ஒருமுறை பார்ப்பார். பிறகு சிறு வாளை எடுத்து அறுக்கத் தொடங்குவார். குண்டு போடும் விமானத்தின் வயிற்றைத் திறந்து, சீப்புப் பல்லும் பேனைக் குழாயும் செருகி, வயலுக்கு விதை தூவும் விமானமாக்குவார். ஏறாவூருக்கும் கல்முனைக்கும் ஓடும் பஸ் விமானம் ஒன்றும் இருந்தது. அதில் கொண்டக்டர் தொங்கிக்கொண்டு போக மிதிபலகை வைத்திருந்தார். எதைச் செய்தாலும் அதில் ஒரு பொய்யாவது இருக்க வேண்டும். பெட்டியில் உள்ளபடியே செய்வது கூலிவேலை என்பது அவர் கட்சி.

1966 ஆவணியில் டொக்டர் அவரைத் தனியே கூப்பிட்டார். மனைவி இமெல்டாவின் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது. கொழும்பில் அறுத்துச் சரிசெய்யலாம். விட்டால் வருகிற மாரியைத் தாண்டமாட்டார்.

"ரெயிலில் இரவு முழுக்கக் குலுங்கிப் போக இந்த உடம்பு தாங்காது. பிளேனில் கொண்டுபோங்கள். இன்னுமொன்று, அவர் பயந்துவிடக் கூடாது" என்றார் டொக்டர்.

கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம். ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில் இமெல்டா வீட்டுக்குள் அகப்பட்டவர். வெளியே நின்ற தண்ணீர் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டது. உள்ளே தண்ணீர் கழுத்துக்கு ஏறிய பிறகுதான் யாரோ கூரை ஓட்டைப் பிரித்து அவரை மேலே தூக்கினார்கள். அன்றிலிருந்து பஸ்ஸிலும் கோயிலிலும், புருஷன் படம் ஓட்டும் தியேட்டரிலும்கூடக் கதவோரத்தில்தான் இருப்பார். அந்த இடம் கிடைக்காவிட்டால் திரும்பி வந்துவிடுவார்.

"ரெயில்ல செத்தாலும் பரவாயில்ல. அந்தத் தகரக் குழாய்க்குள்ள என்னப் போட்டு அடைக்காதீங்க" என்றார் இமெல்டா.

"அடைக்கிறதில்ல, இமெல்டா. கதவு இரிக்கு."

"எங்க?"

"பின்னுக்கு. வால் பக்கம்."

"அப்ப நான் வால் பக்கம் இரிக்கிறன்."

மத்தேயு ரிக்கற் கொடுக்கும் இடத்துக்குப் போய்க் கேட்டார். முடியாது என்றார்கள். வால் பக்கம்தான் குலுக்கம் கூட. இதயநோயாளியை நடுவில், இறக்கைக்குப் பக்கத்தில்தான் இருத்துவார்கள்.

வீட்டுக்கு வந்து வளையிலிருந்து டக்கோட்டா விமானத்தைக் கழற்றினார். கொழும்பு விமானமும் அதே வகைதான். ஆனால் மத்தேயு அதை எப்போதோ வாவியில் இறங்கும் விமானமாக்கி, சக்கரங்களுக்குப் பதிலாகத் தோணி போன்ற மிதவைகள் ஒட்டியிருந்தார். இப்போது அவற்றை அறுத்தெடுத்து, தழும்பை அரத்தால் தேய்த்து, மறுபடி சக்கரம் வைத்தார். கூரையை வெட்டி உள்ளே இருக்கைகளைக் காட்டினார். கண்ணால் பார்த்துப் பழகினால் பயம் போய்விடும் என்று நினைத்தார். எல்லாம் உள்ளபடி இருந்தது. வாள் இன்னும் கையில் இருந்தது. இறக்கைக்கு மேலே, இமெல்டா இருக்கப்போகும் இருக்கைக்குப் பக்கத்தில், ஒரு கதவை வெட்டினார். பிலிம் துண்டால் பிணைச்சல், குண்டூசித் தலையால் குமிழ். நகத்தால் தட்டினால் திறக்கும்.

இமெல்டா அதை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இதில எது பொய்?"

"என்ன கேக்கிறாய்?"

"எல்லாத்திலயும் ஒண்டு வைப்பீங்களே."

"இதில ஒண்டும் இல்ல. உள்ளபடி."

இமெல்டா நகத்தால் கதவைத் திறந்தார், மூடினார். திரும்பத் திறந்தார். "இந்தக் கதவுக்குப் பக்கத்தில எண்டா வாறன்" என்றார்.

அந்த நிமிடத்திலிருந்து மத்தேயுவுக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் இமெல்டா வரமாட்டார், மாரி வரும். சொல்லாவிட்டால் விமானத்தடியில் தானே காண்பார். கண்டதும் அந்த இதயம் என்ன செய்யும்? சொல்லிவிடுவது என்று வாயைத் திறக்கும்போதெல்லாம், மாதா படத்தடியில் இமெல்டா குண்டூசிக் கதவைத் திறந்து மூடும் சத்தம் கேட்கும். தியேட்டரில் பிலிமைத் தலைகீழாக ஒட்டிவிட்டார். கதாநாயகன் கால்மேலாக நின்று காதல் பேசினான். சனம் வாங்குகளில் ஏறி நின்று கூவியது: "டேய் மத்தேயு! படத்தையும் பிளேனாக்கிப் போட்டியா?"

புருஷன் மனைவி இருவரையும் விமானத்திடலுக்குக் கொண்டுபோக ஒத்துக்கொண்டவர் ஏறாவூர் அசனார், வாடகைக் கார்க்காரர், மத்தேயுவின் கூட்டாளி. பெட்டி ஏற்ற வந்தவர் மாதா படத்தடியில் இருந்த டக்கோட்டாவைத் தூக்கிப் பார்த்தார். இமெல்டா உள்ளே சேலை மாற்றிக்கொண்டிருந்தார்.

"மச்சான், இந்த இடத்தில கதவு இரிக்கா?"

"மெதுவாக் கதை. இல்ல."

"அட அல்லாவே! அதால இறங்கினா நேரே காத்தாடிக்குள்ளதானே விழவேணும்? தங்கச்சிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அசனார் விமானத்தைக் கீழே வைத்தார். "உன்ர இடத்தில நான் இரிந்தா இப்பவே வாவிக்குள்ள குதிச்சிருவன்" என்றார்.

கார் புறப்பட்டது. அசனார் கண்ணாடியில் மத்தேயுவைப் பார்ப்பதும், தலையை ஆட்டுவதுமாக இருந்தார்.

விமானம் இறங்கித் திரும்பி நின்றது. கிட்டத்தில் அது மத்தேயு நினைத்ததைவிடப் பழசாக இருந்தது. எஞ்சினுக்குப் பின்னால் எண்ணெய் ஒழுகிய கறை. இறக்கை உடம்போடு சேரும் இடம் அவர் கண்ணுக்குத் தனியாகத் தெரிந்தது. எந்த விமானத்தையும் அவர் முதலில் அறுப்பது அந்த இடத்தில்தான்.

படிக்கட்டடியில் இமெல்டா நின்றுவிட்டார். வாலிலிருந்து இறக்கைவரை கண்ணை ஓட்டினார். ஒரே வரிசையாகச் சின்னச் சின்னக் கண்ணாடிகள்.

"என்ர கதவு எங்க?"

மத்தேயு பெட்டியைக் கீழே வைத்தார்.

"இஞ்சேருங்க, கதவு எங்க எண்டு கேக்கிறன்!" மூச்சு இழுத்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் குந்திவிட்டார். பின்னால் வந்தவர்கள் நின்றார்கள். கோட்டுப் போட்ட ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"கதவு இல்ல. நான் வச்சது" என்றார் மத்தேயு.

"அப்ப அந்த இடத்தில என்ன இரிக்கு?"

மத்தேயுவுக்குத் தெரியாது. டக்கோட்டாவின் வெளிப்புறம் முழுதும் அவருக்கு மனப்பாடம். ஒருநாளும் உள்ளே ஏறியதில்லை. மனைவியைக் கடந்து படியில் ஓடினார். உள்ளே வெக்கை, எண்ணெய் மணம், சாய்ந்து மேலேறும் நடைபாதை. இறக்கைக்கு நேரே இருந்த ஜன்னல் மற்றவற்றைப் போல இல்லை. சுற்றிலும் சட்டம், அருகே ஒரு சிவப்புப் பிடி. விமானப் பணியாளர் விளக்கினார்: ஆபத்து நேரத்தில் பிடியை இழுத்தால் ஜன்னல் முழுதாகக் கழன்றுவிடும். ஆள் வெளியே போகலாம்.

மத்தேயு திரும்பி ஓடிவந்தார். "இரிக்கு, இமெல்டா! கதவில்ல, ஜன்னல். ஆனா கழரும். ஆள் போகலாம்!"

இமெல்டா நிமிர்ந்து பார்த்தார். "இதையும் இப்பதான் உள்ளுக்குப் போய்ச் செய்தீங்களா?"

சத்தியம் செய்தார். மாதாவின் பேரில் செய்தார். பலிக்கவில்லை. பணியாளரே இறங்கிவந்து சொன்னார். "அவருக்கு இவர் சொல்லிக்குடுத்திருப்பார்" என்றார் இமெல்டா. கடைசியில், தன் கையால் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றார். அதற்காக எழுந்தார். ஒவ்வொரு இருக்கையையும் பிடித்துப் பிடித்து, உதடு நீலமாக, நடுவரைக்கும் போனார். பிடியைக் கண்டார். அதன் பக்கத்து இருக்கையில் இருந்தார். பிடியைப் பற்றிக்கொண்டார்.

"அம்மா, அதைத் தொட வேண்டாம்" என்றார் பணியாளர்.

"இழுக்கமாட்டன், தம்பி. சும்மா பிடிச்சிரிக்கிறன்."

பணியாளர் மத்தேயுவைப் பார்த்தார். மத்தேயு தன் கையை இமெல்டாவின் கைமேல் வைத்து அமர்த்தினார். அதற்குள் வால் பக்கக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

விமானம் எழும்பியது. பக்கத்து வரிசைக்காரர் செபமாலையை எடுத்தார். அவர் கண் வானத்தைப் பார்க்கவில்லை, இமெல்டாவின் விரல்களைத்தான் பார்த்தது. கீழே வாவி சாய்ந்தது. வெளியே இறக்கையின் நுனி மேலும் கீழும் அசைந்தது. மத்தேயுவின் விரல்களுக்கடியில் இமெல்டாவின் விரல்கள் இறுகின.

"இப்ப இத இழுத்தா?"

மத்தேயுவின் வாயில் பல பதில்கள் வந்து நின்றன. எல்லாம் அழகான பதில்கள்.

"ஜன்னல் பிடுங்கிக்கொண்டு போகும். நாம செத்திருவம்."

இமெல்டா திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். மீசையில் வியர்வை வடிந்துகொண்டிருந்தது.

"உங்களுக்குப் பயமா இரிக்கா?"

"ஓம்."

"எவ்வளவு?"

"மூத்திரம் போயிரும் போல இரிக்கு."

இமெல்டா ஒவ்வொரு விரலாகப் பிடியிலிருந்து எடுத்தார். செபமாலைக்காரர் மூச்சு விட்டது இரண்டு வரிசைக்குக் கேட்டது.

"உங்கட கையையும் இஞ்சால தாங்க. அது சும்மா இரிக்காது."

மத்தேயு கொடுத்தார். இமெல்டா அதை மடியில் வைத்து, தன் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார். மலைகள் தெரியத் தொடங்கிய பிறகும் விடவில்லை.