அடிக்குறிப்பைப் படிக்காமல் வாங்கிய ரம்பம்

1. மரம் வெட்டும் என் நைனாவுக்கு பெட்ரோல் ரம்பம் வாங்கிக் கொடுத்தேன்.
2. கடையில் இருந்த இரண்டில் பெரியதைத் தேர்ந்தெடுத்தேன்.
3. மூன்றாம் வாரம் அது அவர் கையைக் கிழித்தது.

நான் டிப்ளமோ மெக்கானிக்கல் படித்துவிட்டு, கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். சக்தி, பிளேடு நீளம், எடை என்று பட்டியல் போட்டுத்தான் முடிவெடுத்தேன். பெரிய ரம்பம் ஆறு கிலோ என்று விவரத்தாளில் இருந்தது. பிளேடு, செயின், பெட்ரோல், ஆயில் எதுவும் அந்த எடையில் சேராது என்ற அடிக்குறிப்பை நான் படிக்கவில்லை. எல்லாம் சேர்ந்து எட்டரை கிலோ.

வீட்டில் அதைத் தூக்கிப் பார்த்த நைனா சிரித்தார். "இன்னாம்மா, கேஸ் சிலிண்டர தூக்கிக்கினு நிக்கிற மாரி கீது? கிளை கழிக்க சின்னதே போதுமே."

"பழகிடும் நைனா."

"இஞ்சினியரே சொல்லிட்டா, அப்புறம் இன்னா!"

கவரைப்பேட்டையில் ஒரு மாமரத்தில் கிளை கழிக்கும்போது அவர் கை சோர்ந்தது. பிளேடின் முனை பக்கத்துக் கிளையில் இடித்து, ரம்பம் மேலே எகிறியது. பிடி நழுவிய இடது கையில் செயின் பட்டது.

மருத்துவமனையில் அவர்தான் என்னைத் தேற்றினார். "நல்ல மிஷினுதாம்மா. எனக்குத்தான் வயசாயிடுச்சி. அழுவாத."

இப்போது எந்தக் கருவியையும், எல்லாப் பாகங்களையும் மாட்டி, வேலைக்குத் தயாரான எடையில், பிடிக்கப்போகிறவர் கையில் பத்து நிமிடம் கொடுத்துப் பார்த்த பிறகே தேர்ந்தெடுக்கிறேன்.

நைனாவின் மூன்று விரல்கள் இன்னும் மடங்கவில்லை. சட்டைப் பொத்தானை அம்மாதான் போட்டுவிடுகிறார்.