பள்ளிவாசலுக்குப் பின்னால் அத்தா கட்டிய கக்கூசு

கக்கூசு என்று ஆரம்பித்ததுமே பேத்தி முகத்தைச் சுளிக்கிறாள். சொல்வது நான், எழுதுவது அவள். எனக்கு எழுத்து வராது. ஆனாலும் அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். விருத்தாசலத்தில் எங்கள் தெருப் பள்ளிவாசலுக்கு முதன்முதலில் கக்கூசு கட்டிக் கொடுத்தது எங்கள் அத்தா, என்னைப் பெற்றவர்தான். அந்த வயதில் அதைவிடப் பெரிய பெருமை எனக்கு வேறு இருக்கவில்லை.

அத்தாவுக்குப் பீங்கான் வேலை. கப்பு, சாசர், ஊறுகாய் ஜாடி. ரொம்ப காலம் கூலிக்கு அச்சில் மண்கூழ் ஊற்றினார். பிறகு வட்டிக்குக் கடன் வாங்கி, வீட்டை ஒட்டி ஒரு கொட்டகை போட்டு, சொந்தமாக அச்சு வாங்கினார். பணம் கட்டுவது நின்றால் அச்செல்லாம் வட்டிக்காரருக்கு என்று பேச்சு. முதல் சூளையிலேயே சூடு மிஞ்சிப்போய் எல்லாம் கோணிக்கொண்டு வந்தன. எனக்கு அன்று பெருநாள் மாதிரி. தெருவில் எந்தப் பிள்ளையிடமும் அவ்வளவு சொப்பு கிடையாது. காது உடைந்த கப்பு, வாய் கோணிய ஜாடி என்று அடுக்கி வைத்து மண்ணில் பிரியாணி ஆக்கினேன். அத்தா பார்த்துக்கொண்டே நின்றார். திட்டவில்லை.

வட்டிக்காரர் வாரா வாரம் சைக்கிளில் வருவார். நல்ல மனிதர். மணிச் சத்தம் கேட்டால் நான்தான் முதலில் ஓடுவேன். சட்டைப் பையிலிருந்து பெப்பர்மெண்ட் எடுத்துக் கொடுப்பார். எங்கள் மார்க்கத்தில் வட்டி வாங்குவதும் பாவம், கொடுப்பதும் பாவம். எழுதுகிறவரும் சாட்சி நிற்கிறவரும்கூட அதில் பங்காளி. சாட்சிக்குக் கைநாட்டு வைத்தது அம்மா. தொழுகைப் பாயில் உட்கார்ந்தால் அவள் எழுந்திருக்கவே நேரமாகும். அத்தா வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போனால் கடைசி வரிசையில், செருப்புகள் கிடக்கும் இடத்தை ஒட்டி நிற்பார். உள்ளே இடம் இல்லை போல என்று நினைத்துக்கொள்வேன்.

மங்கலம்பேட்டையில் பெரியத்தா இருந்தார். அத்தாவின் கூடப்பிறந்த அண்ணன், சவுதியில் சம்பாதித்து வந்து கடை வைத்தவர். அத்தா என்னையும் கூட்டிக்கொண்டு போய் அவரிடம் கைமாற்றாகப் பணம் கேட்டார். காசெல்லாம் சரக்கில் முடங்கிக் கிடக்கிறது என்று சொல்லி, ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்து எங்களைப் பஸ் ஏற்றிவிட்டார். அத்தா ஒரு பழம்கூடத் தொடவில்லை. அதனால் எனக்கு நிறையக் கிடைத்தது.

கொஞ்ச நாள் கழித்து அதே பெரியத்தா மஞ்சள் பையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். பையை அத்தாவின் கையில் வைத்து, "வச்சிக்கடா. திருப்பித் தர வேணாம்" என்றார். அத்தா அண்ணன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அம்மா முட்டையிடுகிற கோழியென்றும் பாராமல் அதைப் பிடிக்க ஓடினாள். கடன் மொத்தமும் அடைந்து, மிச்சத்தில் இன்னொரு சூளைகூட வைக்கலாம், அவ்வளவு பணம்.

பெரியத்தா ஒளிவுமறைவு தெரியாதவர். கறி வேகும்போதே சொல்லிவிட்டார். சவுதியிலிருந்து அனுப்பிய பணம் பேங்கில் கிடந்து, வருஷக்கணக்கில் வட்டி ஏறியிருக்கிறது.

"எங்க பள்ளிவாசல் அசரத்துகிட்ட கேட்டேன். அத நம்ம வூட்டுச் செலவுக்குத் தொடக் கூடாதுன்னாரு. கக்கூசு கட்டி வுடலாம், இல்ல ஏழை பாழைக்குக் குடுத்துடலாம்னாரு. கக்கூசுக்கு எடம் தேடிப் பாத்தேன், தோதா அமையல. அப்பத்தான் ஒன் நெனப்பு வந்துச்சு."

அத்தா பையை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார். "கறி வெந்துடுச்சா பாரு. அண்ணனுக்குப் பஸ்ஸுக்கு நேரமாவுது" என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார். ஈரல் துண்டையெல்லாம் பொறுக்கி அண்ணன் தட்டில்தான் வைத்தார். ஈரல் எனக்கு உயிர். அன்று ஒன்றுகூட வரவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

பஸ் ஏற்றிவிட்டு அத்தா திரும்பி வந்ததும் அம்மா மெதுவாகத்தான் ஆரம்பித்தாள்.

"ஏழைக்குக் குடுக்கலாம்னு அசரத்தே சொல்லியிருக்காங்க. நம்மள வுட ஏழை எவன் இருக்கான்? வட்டிக்காரரு கையில குடுத்துட்டு நிம்மதியா தொழுவலாம்."

"ஏழைதான். இல்லன்னா சொல்றேன்? ஆனா, தம்பின்னு குடுக்குறாருன்னு நெனச்சுல்ல நான் கைய நீட்டுனேன்."

அத்தா ஜமாஅத்தில் போய்ப் பேசினார். பள்ளிவாசலுக்குப் பின்னால் இடம் விட்டார்கள். கக்கூசுக்குப் பீங்கான் கோப்பை எடுக்கப் போனபோது நானும் கூடப் போனேன். ஒவ்வொன்றாக விரலால் சுண்டி, காதைச் சாய்த்துக் கேட்டு, கணீரென்று சத்தம் வந்ததைத்தான் எடுத்தார். எங்கள் வீட்டுக்குக்கூட அத்தா அப்படிப் பார்த்து எதுவும் வாங்கியதில்லை. மஞ்சள் பை காலியாகும் வரை செங்கல்லும் சிமெண்டும் வந்து இறங்கின.

வேலை முடிந்த வெள்ளிக்கிழமை பெரியவர்களெல்லாம் அத்தாவுக்குக் கை கொடுத்தார்கள். விஷயம் கேள்விப்பட்டுப் பெரியத்தாவும் வந்திருந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏதுடா இவ்ளோ காசு?" என்று கேட்டார்.

"ஒங்க காசுதாண்ணே. போவ வேண்டிய எடத்துக்குப் போயிடுச்சு."

பெரியத்தா கொஞ்ச நேரம் அந்த வெள்ளைக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்கு வராமலே மங்கலம்பேட்டை பஸ்ஸில் ஏறிவிட்டார். கடையில் அவசர வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

ஓதப் போகிற இடத்தில் எல்லாப் பிள்ளைகளிடமும் சொன்னேன், நாங்கள் பணக்காரர்கள் ஆகிவிட்டோம் என்று. பள்ளிவாசலுக்குக் கட்டிக் கொடுப்பவர்கள் பணக்காரர்கள்தானே.

அடுத்த வாரம் வட்டிக்காரர் சைக்கிளில் வரவில்லை, மாட்டுவண்டியோடு வந்தார். அச்செல்லாம் அதில் ஏறியது. சின்ன அச்சுகளை நானே தூக்கிக் கொடுத்தேன். வழக்கமாக ஒன்று கொடுப்பவர், அன்று பையில் இருந்த பெப்பர்மெண்டை எல்லாம் என் கையில் கொட்டிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் வண்டியில் ஏறினார். தெருமுனை வரை வண்டிக்குப் பின்னால் ஓடிக் கையாட்டினேன்.

திரும்பி வந்தால், காலிக் கொட்டகையில் அத்தா தனியாக உட்கார்ந்திருந்தார். ஒரு பெப்பர்மெண்டை அவர் வாயில் போட்டுவிட்டு, "நம்ம இப்ப பணக்காரங்கதானே அத்தா?" என்று கேட்டேன்.

அத்தா தலையை ஆட்டினார். அதை நான் ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.