வார்டில் கைகொடுத்த லத்தீன்

எழுபதுகளில், நான் புலம்பெயர்ந்து வந்த பரமட்டாவில் ஒரு ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தேன். ஒருநாள் இத்தாலியக் கட்டட மேசன் ஒருவர் வயிற்றுவலியோடு வந்தார். இங்கிலீஷ் துளியும் தெரியாது. காலையில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் நினைத்தார்.

யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிகளிடம் வேண்டாவெறுப்பாகப் படித்த லத்தீன் எனக்கு ஞாபகம் வந்தது. “டோலோர், குவாண்டோ?” என்றேன். ‘வலி, எப்போது?’ என்று அர்த்தம்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “த்ரே ஜோர்னி!”

லத்தீனிலும் மூன்றுக்கு ‘த்ரேஸ்’தான்; ‘ஜோர்னி’ நாளாகத்தான் இருக்கவேண்டும். “மூன்று நாளாக வலியாம்” என்று டாக்டரிடம் சொன்னேன். உடனே ஆபரேஷன் நடந்தது. குடல்வால் வெடிக்கிற நிலையில் இருந்ததாம்.

அவரை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்த அவருடைய மகள், “இத்தாலியன் எங்கே படித்தீர்கள்?” என்று கேட்டாள்.

“எனக்கு இத்தாலியன் தெரியாது. உங்கள் ரோமாபுரி மூதாதையர் பேசியதுதான் கொஞ்சம் தெரியும்” என்றேன்.

அன்றிலிருந்து ரோமர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை.